கையிருப்பு

ஐந்தாம் குறுக்குத் தெருவில்
தும்மல் தீராத மாடியறையில் இருந்துகொண்டே
வெள்ளவத்தைக் கிளையின் தட்டை நான் பார்க்கிறேன்.
மூன்றாம் வரிசை, இடுப்பு உயரம்,
எங்கள் மிளகாய்த்தூள், நூறு கிராம் பக்கற்: பதினான்கு.
யாரோ எடுக்கிறார்கள். பதின்மூன்று.
முகம் தெரியாது, நேரம் தெரியும்.

முன்பு மஹ்ரூப் முதலாளி
போனில் கத்தித்தான் வியாபாரம்.
எவ்வளவு கிடக்குது என்றால்
கிடக்குது கிடக்குது என்பார்கள்.
இப்போது அவர்களின் களஞ்சியம் எங்கள் திரையில்,
எங்களுடையது அவர்கள் திரையில்.
"என்ட கடைக்குள்ள எட்டிப் பாக்கிறான் பிள்ள" என்பார்,
பாஸ்வேர்டைக் கலண்டரின் பின்னால் எழுதியபடி.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"நாமளும் பாக்கிறம்தானே."

ஓடரை யாரும் போடுவதில்லை.
எண் பத்துக்குக் கீழே இறங்கினால்
நடுச்சாமத்தில் அதுவாகப் பிறக்கும்,
அழாமல்.

களனி கரைமீறிய கிழமை
சுமணதாசவின் லொறி பேலியகொடையில் நின்றுவிட்டது,
சில்லு முக்காலும் தண்ணீருக்குள்.
திரையில் எங்கள் பெயர் சிவந்தது.
தாமதம். இரண்டு வீதம் கழிவு.
காரணம் எழுத ஒரு கட்டம், இருபது எழுத்து.
கொம்பையும் புள்ளியையும்கூட
தனித்தனியாக எண்ணுகிற கட்டம் அது.
அவசரத்தில் தமிழிலேயே அடித்தேன்:
வெள்ளம். லொறி பேலியக
அதற்கு மேல் விடவில்லை.

இரவு பதினொன்று பன்னிரண்டுக்கு
விநியோகத் திகதி ஒரு நாள் தள்ளிப் போயிருந்தது.
சிவப்பு இல்லை.
மாற்றியவர்: தில்ருக்‌ஷி, கொள்வனவு.
தமிழ் வாசிப்பாளோ,
பக்கத்து மேசையில் கேட்டாளோ,
இல்லை, ஜன்னலால் மழையைப் பார்த்தாளோ.

நன்றி சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
தேடிப் பார்த்தேன்.

வெள்ளம் வடிந்த வெள்ளிக்கிழமை
நூறாம் நம்பர் பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் இறங்கினேன்.
மூன்றாம் வரிசை சரி.
இடுப்பு உயரம் பொய்;
முழங்காலடியில், உப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.
குனிந்து ஒரு பக்கற் எடுத்தேன்.
வீட்டில் இதே தூள் இரண்டு கிலோ சும்மா கிடக்கிறது.
காசாளர் பிள்ளை சிவப்பு ஒளியில் காட்ட
சின்னதாக ஒரு கீச்சு.

அணைக்க மறந்த மாடியறைத் திரையில்
பத்து ஒன்பதாகியிருக்கும்.
எந்தக் கட்டடத்திலோ, எந்த மாடியிலோ,
அவளுடையதிலும்.