சுமையா

ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பின்னால்,
நான்காம் மாடி. ஒரே பிளாட்டில் மூன்று குடும்பம்.
எங்களுக்கும் ஹபீபா லாத்தாவுக்கும் நடுவில்
அரை அங்குல பிளைவுட்.
அவர்கள் வீட்டு மிக்சி எங்களுக்குக் கேட்கும்.
எங்கள் பனிமயா மூச்சிழுப்பது
அவர்களுக்குக் கேட்கும்.

கார்கோ கம்பெனி அவருக்கு மட்டும்தான் அட்டை கொடுத்திருக்கிறது.
பெட்டி தூக்கும் முதுகுக்குக் காப்பீடு உண்டு.
அந்த முதுகில் யானை ஏறும் பிள்ளைக்கு இல்லை.
பிரீமியம் எவ்வளவென்று ஒருநாள் விசாரித்து வந்தார்.
தொகையைச் சொல்லவில்லை.
சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

மண்காற்று அடித்த மார்ச் இரவில்
லாத்தாதான் வந்து கதவைத் தட்டினார்.
கையில் மகளின் அட்டை.
"ரெண்டும் ஒரே வயசு. போட்டோவும் மூணு வருசப் பழசு.
ரெட்டைச் சடை மட்டும் போட்டுவிடு."

டாக்சியில் சொல்லிக்கொடுத்தேன்.
உன் பேர் என்ன?
பனி...
இல்லை. உன் பேர் என்ன?
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் சொன்னாள்:
சு. மை. யா.
கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை
நானே கழற்றிப் பர்சில் போட்டேன்.

கிளினிக்கில் கூப்பிட்டார்கள்.
"சுமையா?"
அந்த மலையாள நர்சுக்கு அது ஒரு பெயர்.
எனக்குத் தமிழில் ஒரு கேள்வி.

ஐந்து தடவை போனோம்.
மூன்றாம் தடவை நர்ஸ் படத்தை அதிக நேரம் பார்த்தாள்.
பிறகு பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள்.
உதடு நீலம்.
அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நெபுலைசரை எடுத்து வந்தாள்.

அடுத்த வருசம் அட்டையைப் புதுப்பிக்கும்போது
லாத்தா வீட்டுக்குத் தொள்ளாயிரம் திர்ஹாம் கூடுதலாம்.
யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிளைவுட் சொன்னது.
"நம்ம புள்ளைக்கு ஆஸ்துமாவா? எப்ப வந்துச்சு?"
அவர் கேட்டார்.
லாத்தா பதில் சொல்லவில்லை.
மிக்சி ஓடியது, வெகுநேரம்.
உள்ளே எதுவும் அரைபடாத சத்தம்.

சுமையாவோ நாலு மாடியும்
ஒரே ஓட்டமாய் ஏறி வருகிறவள்.
வந்து நின்று
எங்கள் வாசலில் செருப்பை உதறும்போதும்
அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை.
ஃபைலில் மட்டும் ஐந்து முறை வாங்கியிருக்கிறது.

இப்போது ஏதோ திட்டமாம்.
குறைந்த சம்பளக்காரர் பிள்ளைகளுக்காம்.
டைப்பிங் சென்டரில் வரிசையில் நின்றோம்.
பையன் நம்மூர்ப் பக்கம்தான், கோவில்பட்டி.
தலை நிமிராமல் கேட்டான்:
"முன்னாடி ஏதாவது நோய் இருந்துச்சா?"

காகிதத்தில் என் மகள்
ஏழு வருசத்தில் ஒருமுறை தும்மியதுகூடக் கிடையாது.
ஐந்து மருந்துச் சீட்டும் இன்னொருத்தி பேரில்.
நான் பேசாமல் நிற்கவும்
அவனாகவே சொன்னான்:
"இல்லைன்னு போட்டுறட்டுமாக்கா? அதான் சுலபம்."
பிறகு குனிந்து, சும்மா ஒரு பேச்சுக்கு,
"உன் பேர் என்ன பாப்பா?"

ஏதோ ஆபீஸ், ஏதோ கவுண்டர்,
அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
சடை இரண்டையும் முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டு
தெளிவாகச் சொன்னாள்:
சுமையா.

அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இருக்கு தம்பி," என்றேன்.
"இழுப்பு இருக்கு. எழுதுங்க."
"சீட்டு கேப்பாங்கக்கா. தள்ளிக்கூடப் போடுவாங்க."
"எழுதுங்க."

கட்டணம் எடுக்கப் பர்சைத் திறந்தபோது
சில்லறைக்கு அடியில் விரலில் இடறியது மாதா சுரூபம்.
அங்கேயே, வரிசை காத்திருக்க,
அவள் கழுத்தில் கட்டினேன்.
கொக்கி துருப்பிடித்திருந்தது. நேரமாயிற்று.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மாடிக்கு மாடி நின்று ஏறினோம்.
பனிமயா, மெதுவா. பனிமயா, உட்காரு.
மேலே லாத்தா வீட்டு மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
கதவருகில் நின்று காது கொடுத்தேன்,
உள்ளே ஏதாவது அரைபடுகிறதா என்று.