தரம் பிரிக்கிறவன்

பதினாறு வருஷமாய் எனக்கு வேலை
தோலைப் பார்ப்பது.
பேரணாம்பட்டில், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்
ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து
உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம்,
அம்மை வந்து ஆறிய இடம் என்று
கட்டைவிரலால் படித்துக்கொண்டே போவேன்.
ஒரு தோலுக்கு எட்டு நொடி.
சாக்கட்டியால் மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று.
நாலு போட்டால் கழிவு.

அதனால்தான்
பிறந்த மூன்றாம் நாள் காலை
மகள் நெஞ்சில் வந்த சிவப்பை
எல்லோருக்கும் முன்னால் நான் பார்த்துவிட்டேன்.

கொசு கடித்த மாதிரித் திட்டு.
நடுவில் கடுகைவிடச் சிறிதாய்
மஞ்சளும் வெள்ளையுமாய் ஒரு முனை.
நெஞ்சில் ஆறு. தொடையில் நாலு.
எண்ணி முடிப்பதற்குள் முதுகில் இன்னும் ரெண்டு.

ரூபாவதி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.
என் கைகளைப் பார்த்தேன்.
குரோம் தின்ற கைகள்,
விரலிடுக்கில் வெடித்து, மணிக்கட்டில் தடித்தவை.
இந்தக் கையால்தானே ராத்திரி தூக்கினேன்.

'செவ்வாப்பு' என்றாள் பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார்.
'அக்கி' என்றார் டீ கொண்டுவந்தவர்,
குடியாத்தம் ரோட்டில் ஒருத்தர்
காவி குழைத்து எழுதுவாராம்.
போனில் அக்கா: பவுடர் போடு,
இல்லாட்டி மஞ்சள் அரைச்சுப் பூசு.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பத்து மணிக்குத்தான் நர்ஸ் தவமணி வந்தார்.
அக்கினி நட்சத்திரம். மின்விசிறி சுற்றுவதாய்ப் பேர்.
பிள்ளை தலையில் கம்பளிக் குல்லா,
காலில் சாக்ஸ், மேலே ரெண்டு சுற்றுத் துணி.
'இது என்ன, ஏலகிரியில டிசம்பரா?'
ஒவ்வொன்றாய் உருவிக் கட்டில்மேல் போட்டார்.

கழுத்து மடிப்பில் பொடிப்பொடியாய் வேறொன்று.
'இது வேர்க்குரு. உங்க குல்லா பார்த்த வேலை.
காட்டன் ஒண்ணு போதும். பவுடர் கிட்டயே வேணாம்.
மூக்கு மேல வெள்ளை முத்து இருக்கே,
அதைக் கிள்ளிடாதீங்க. தானாப் போகும்.'

அந்தச் சிவப்பு?

'கை கழுவிட்டு வாங்க.'
முழங்கை வரைக்கும் ரெண்டு தரம் சோப்புப் போட்டேன்.
'அழுத்திப் பாருங்க, மெதுவா.'
அழுத்தினேன். வெளுத்தது.
எடுத்ததும் ரத்தம் ஓடிவந்து இடத்தைப் பிடித்தது.
'உள்ளங்கை? உள்ளங்கால்?'
இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை.
'பால் குடிக்கிறாளா?'
குடிக்கிறாள். சண்டை போட்டுக் குடிக்கிறாள்.
'அப்ப விடுங்க. நிறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதான்.
எதுவும் பூசாதீங்க.'
எதுவுமா?
'எதுவும். சீழ் வச்சாலோ, நீர்க் கொப்புளம் கட்டினாலோ,
உடம்பு சுட்டாலோ, பால் வேணாம்னு துவண்டு கிடந்தாலோ
ராத்திரி ரெண்டு மணின்னாலும் வந்துடுங்க.'

போகிறவர் திரும்பினார்.
என் விரல்களைப் பார்த்துவிட்டிருந்தார்.
'மருந்து வேண்டியது உங்க கைக்கு.
எத்தனை வருஷமா இப்படி?'
சொன்னேன்.
புறநோயாளிச் சீட்டில் என் பெயரை எழுதும்போது
அவர் வேறெதுவும் பேசவில்லை.

சாயந்திரம் நெஞ்சில் இருந்தவை இல்லை.
வயிற்றில் புதிதாய் மூன்று.
மலைமேல் மேகத்தின் நிழல் நகர்வது மாதிரி
இங்கே மறைந்து அங்கே.
எந்த மூலையில் எந்த எண்ணைப் போடுவது?
ஒரே இடத்தில் நிற்கிற குறையைத்தான்
இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
அதெல்லாம் செத்த தோல்.

பத்தாம் நாள் ஒன்றும் மிச்சமில்லை.
கணுக்காலில் மட்டும் வெங்காயச் சருகாய் உரிந்தது.
'ஏங்க, இது என்ன?'
'அதுவும் அப்படித்தான், விடு'
என்றேன், என்னமோ நானே படித்த மாதிரி.

திங்கட்கிழமை. வடக்கு ஜன்னல்.
ஏதோ ஓர் ஆட்டின் கழுத்துப் பக்கம்
நெருக்கமாய்ப் பொட்டுகள்.
கட்டைவிரலை எடுக்கத் தோன்றவில்லை.
எட்டு நொடி. பன்னிரண்டு.
மேஸ்திரி பாஷா பாய் இருமினார்.
மூன்று என்று எழுதினேன்.
நாலுதான் போட்டிருக்க வேண்டும்.