எடுத்த நேரம்

முனைவர் பட்டத்துக்கு மேல் இன்னும் இரண்டு வருடம்.
அடையாள அட்டையில் டாக்டர் நறுமலர்,
கீழே பொடி எழுத்தில் மருத்துவ வேதியியல், பயிற்சி.
செவ்வாய்ப்பேட்டையில் மாடியை வாடகைக்கு விட்டவர்
முதல் நாளே கேட்டுவிட்டார்,
முட்டிவலிக்கு என்ன மாத்திரை என்று.
நான் மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லை என்றேன்.
பின்னே?
ரத்தத்தில் எது எவ்வளவு என்று பார்ப்பேன்.
கீழ்த்தளத்தில் அவருக்குக் கொலுசுப் பட்டறை.
"ஓ, டச் பார்க்கிற ஆளா" என்றார்.
அதற்குப் பிறகு வாடகையை மட்டும்தான் கேட்டார்.

அஸ்தம்பட்டியில் இரண்டாவது மாடி, ஆய்வகம்.
ஜன்னலில் வெள்ளைக்கல் சுரங்கத்தின் மேடு,
தள்ளி சேர்வராயன் மலை,
மார்கழியில் பாதிதான் தெரியும்.
காலை ஆறரைக்குத் தரக்கட்டுப்பாட்டுச் சீரம்.
நமக்குத் தெரிந்த விடையை இயந்திரத்திடம் கேட்டு
அது சொல்வதைப் புள்ளியாக வைப்பது.
இரண்டு கோட்டுக்கு நடுவில் விழுந்தால்தான்
ஊர் ரத்தத்தைத் தொடலாம்.
ஆறு நாள் ஒரே பக்கமாகப் புள்ளி ஏறினால்
கோட்டைத் தாண்டாவிட்டாலும் நிறுத்து என்பது விதி.
ஒருமுறை ஐந்தோடு இறங்கிவிட்டது.
ஆறாவதுக்காக நான் காத்திருந்தது
எனக்கே பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்தே கால்,
மலையிலிருந்து ஜீப்பில் வந்த பெட்டி.
கரியராமன், ஐம்பத்திரண்டு, காப்பித் தோட்டம்.
பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்பது.

அந்த எண்ணுக்கு இதயம் நிற்கலாம்.
மறுபடி ஓட்டினேன். ஏழு புள்ளி எட்டு.
குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன்.
சீரம் வெளிர் மஞ்சள், சிவப்பின் சாயல்கூட இல்லை.
அணு உடைந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுத்திருக்கும்.
இது பொய் என்றால்
முகம் மாறாமல் சொன்ன பொய்.
படிவத்தில் எடுத்த நேரம்: காலி.

நான்காவது முறை சிக்னல் கிடைத்தது.
ஹெப்சிபா சிஸ்டரின் குரல், பின்னால் நாய்.
எண்ணைச் சொன்னேன், திருப்பிச் சொல்லச் சொன்னேன்.
"ஏழு புள்ளி ஒன்பதா? அவரு வெளியில நின்னு
பீடி பத்தவெச்சிட்டு இருக்காரு மேடம்,
கடைசி பஸ்ஸுக்கு."
போக விடாதீங்க. ஈசிஜி எடுங்க.
ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது?
"காலைல எட்டரை. ஜீப்பு மூணுக்குத்தான் வந்துச்சு.
ஆனா கெட்டுப்போகலை மேடம்,
நான் அப்பவே ஐஸ்ல புதைச்சு வெச்சுட்டேன்."

குளிரில் சிவப்பணுவின் பம்பு ஓடாது.
உள்ளே இருந்த பொட்டாசியம்
கதவு உடையாமலே கசிந்து வெளியே வரும்.
தேர்வில் எனக்கு இது பத்து மதிப்பெண்.
சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது,
நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் என்று?
சொல்லவில்லை.
நாளைக்கு ஆளையே அனுப்புங்கள் என்றேன்.

அலை கூர்மையாக இல்லை என்று ஏழு மணிக்குச் செய்தி வந்தது.
அப்படியும் தூக்கம் வரவில்லை.
கீழே பட்டறையில் யாரோ
வெள்ளிக் கம்பி இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசியும் இறங்கி
அவரே வந்தார். மஃப்ளர், வாந்தி எடுத்த முகம்.
நான்கு புள்ளி நான்கு.
கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டார்,
"அப்ப மீதி மூணரை யாரோடதுங்க?"
ஐஸோடது என்றேன்.
வரப்புத் தகராறு தீர்ந்தது போலத் தலையாட்டினார்.
பஸ் காசு யார் தருவாங்க என்று அடுத்து கேட்டார்.
அதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

இருக்கிற படிவத்தை மாற்றினேன்.
எடுத்த நேரத்துக்குப் பெரிய கட்டம், தடித்த கோடு,
நிரப்பாவிட்டால் ஏற்கப்படாது.
ஒப்புதல் வர மூன்று வாரம்.
ஹெப்சிபா சிஸ்டர் விடுப்பில் இருந்த வியாழக்கிழமை
மலையிலிருந்து முதல் புதுப் படிவம் வந்தது.
பெரிய கட்டத்துக்குள்
யாரோ நிதானமாக எழுதியிருந்தார்கள்:
பனி விலகினதுக்கு அப்புறம்.

கணினி எண் கேட்கிறது.
போனை எடுக்கிறேன்.