இதோ

வால்டிவியாவில் மழை நாளில்
விடிந்ததும் தெரியாது.
இரவுப்பணி முடிந்து நிற்கும் யாஸ்னா
கையுறைக்குள் ஊறிச் சுருங்கிய விரல்களைக்
கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொள்கிறாள்.
ஆற்றங்கரை மீன்சந்தையில்
கடல்சிங்கங்கள் ஏறிப் படுத்துக் கொட்டாவி விடுகின்றன.
ஒவ்வொன்றும் இருநூறு கிலோ தூக்கம்.
பொறாமையாக இருக்கிறது.

பேருந்தின் கதவு பீப் என்றது.
உடம்பு பாதி எழுந்துவிட்டது:
ஒன்பதாம் படுக்கை, மருந்துப் பம்பு.
பக்கத்து இருக்கைப் பையன்
ஒரு கணம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

பொட்டாசியம் சொட்டின் கிளாம்பை மூடினேனா.
மூடினாய்.
மூடினேனா.
மூடிக் கையெழுத்தும் போட்டாய், ஆறு பத்துக்கு.
கையெழுத்தைக் கை தானாகவே போடும்.
மூடியதும் அந்தக் கைதானா?

இருபத்தாறு நோயாளிகள், இரண்டு பேர்.
மூன்றாவது ஆள் இவோன், ஆகஸ்டிலிருந்து விடுப்பில்.
அவள் குவளை இன்னும் அலமாரியில்.
யாரும் அதில் குடிப்பதில்லை.
யாரும் அதை எடுத்து வைப்பதுமில்லை.

வீட்டில்,
மைக்ரோவேவ் கத்துவதற்கு ஒரு விநாடி முன்பே
கதவைத் திறந்துவிடப் பழகியிருக்கிறாள்.
திரைச்சீலை. தலையணை. கண்ணை மூடினால்
பதினான்காம் படுக்கை எலெயுதேரியோ,
கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர்,
நாலு மணிக்கு, மிகவும் மரியாதையாக,
மகளே, கொஞ்சம் தண்ணீர்.
இதோ, என்றாள்.

இதோ.
இரண்டே எழுத்து.
கையில் இருப்பதைக் காட்டித்தான் சொல்வார்கள் அதை.
அவள் வெறுங்கையோடு சொன்னாள்,
ஒன்பதை நோக்கி ஓடிக்கொண்டே.
அன்றிரவு மட்டும் எத்தனை பேரிடம்.

வார்டுக்குப் போன் செய்தாள், இந்த வாரம் மூன்றாம் முறை.
கிளாம்பைப் பற்றித்தான் கேட்டாள்.
மூடியிருக்கிறது, என்றாள் பகல்பணி ஓரியானா,
கேள்வி முடிவதற்குள்.
பிறகும் போனை வைக்க வரவில்லை.
பதினாலு... தண்ணீர் கேட்டார்.

ஓரியானா சிரிக்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.
அப்போதே குடித்துவிட்டாராம்.
பதினைந்தாம் படுக்கைக்காரர் எழுந்துபோய்
ஊற்றிக் கொடுத்தாராம்,
சொட்டுக் கம்பத்தை உருட்டிக்கொண்டு, இருட்டில்.

பதினைந்து.
இடுப்பெலும்பு முறிந்தவர்.
எழுந்திருக்கவே கூடாதவர்.

மணி ஒன்பது ஐம்பது.
சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்தாள்.
படுக்கையருகே வைத்தாள்.
குடிக்காமல்
அதையே பார்த்தபடி படுத்திருந்தாள்.