பதினோரு மணி நேரம்

சோளத்தட்டை அறுத்த நிலம்.
அயோவாவின் அக்டோபர்,
பூட்ஸைக் கழற்றப் பார்க்கிற கறுப்பு மண்.
நாற்பது ஏக்கரில் நூற்றுப் பன்னிரண்டு வீடு
என்கிறது வரைபடம்.
தெருக்களுக்கெல்லாம் மரங்களின் பெயர்;
நிலத்தில் ஒரு மரமும் இல்லை.

என் வேலை எளிது.
இன்று நூறு துளி விழுந்தால்
எத்தனை ஓடும்,
கூரையும் தாரும் சிமெண்டும் வந்தபின்
எத்தனை ஓடும்.
இருபத்தைந்து. எழுபது.
நடுவில் நிற்கும் நாற்பத்தைந்தைப்
பிடித்து வைக்க ஒரு குட்டை போதும் என்று
காட்டிவிட்டால் கையெழுத்து.

டெல்வின் ஹாவர்காம்ப் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.
வரைபடத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது என்று
குதிகாலால் மண்ணை உதைத்துக் காட்டினார்.
சுட்ட களிமண் குழாய்.
எப்போதோ யாரோ புதைத்தது.
தொடங்கும் இடம் தெரியும்,
முடியும் இடத்தை இதுவரை
கேட்கத் தோன்றவில்லை.
"விற்றாயிற்று, இனி எனக்கென்ன" என்றார்.
ஆனால் போகவில்லை.
நான் பச்சைச் சாயம் கரைத்து முடிக்கும்வரை
வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழ்த்தெருவில், பதினேழாம் எண் கதவு.
செனாடா ஹோஜிச்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கண்கள்,
இறைச்சித் தொழிற்சாலையின் வெள்ளைச் சட்டை.
நிலவறைக்கு இறங்கினோம்.
சுவரில் பென்சில் கோடுகள்.
பிள்ளைகள் வளர்ந்த கணக்கு என்று நினைத்தேன்.
குனிந்து தேதிகளைப் படித்தேன்:
எல்லாம் மழை நாட்கள்.

மூலையில் பம்புக் குழி.
அதன் ஓரத்தில் கவிழ்த்த வாளிகள்மேல்
உட்கார்ந்து காத்திருந்தோம்.
நீளக் கைப்பிடிச் செம்புப் பாத்திரத்தில்
காப்பி கொண்டுவந்தார். வண்டல் அடியில் இறங்கக்
கொஞ்சம் பொறுங்கள் என்றார்.
நாற்பதாவது நிமிடத்தில்
குழி கிளிப்பச்சையாய் நிறைந்தது.
"இது உங்களுடையதா?"
ஆமாம் என்றேன்.
ஒரு கணக்குக்கு விடை
இவ்வளவு அழகாக வந்து நான் பார்த்ததில்லை.
அதை அந்த வீட்டில் வைத்துச் சொல்ல முடியவில்லை.

செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் கூட்டம்.
மடக்கு நாற்காலிகள், துடிக்கிற ஒரு குழல்விளக்கு.
திரையில் இரண்டு மலைகள்:
வீடுகளுக்கு முன், வீடுகளுக்குப் பின்.
உச்சி இரண்டும் ஒரே உயரம்.
"உச்ச ஓட்டம் கூடவில்லை" என்றேன்.
உண்மைதான். சட்டம் கேட்பதும் அவ்வளவே.
தலைவர் ஆர்டித் க்ளோஸ்டர்மன்
பேனாவின் மூடியைக் கழற்றினார்.

செனாடா எழுந்தார். கையில் காகிதம் இல்லை.
"அந்த இரண்டாவது மலை
ஏன் படுத்துக் கிடக்கிறது?"

யாரோ இருமினார்கள்.
உயரத்தைப் பற்றியே பேசிப் பிழைத்தவன் நான்.
அகலத்தைப் பின்னிணைப்பில் வைத்திருந்தேன்,
தொண்ணூற்று நான்காம் பக்கம்.
பொய்யில்லை. எழுத்துதான் சற்றுச் சிறியது.
"குட்டை தண்ணீரைக் குடித்துவிடாது" என்றேன்,
"வாங்கி வைத்து, மெதுவாகத் திருப்பித் தரும்."
"எவ்வளவு நேரம்?"
"இப்போது மூன்று மணி. பிறகு பதினொன்று."
"என் பம்பு ஆறு மணி நேரத்தில்
சூடேறி நின்றுவிடும்."
கணக்கில் விட்டுப்போன எண்ணைத்
தரையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல்
சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பேனாவுக்கு மூடி திரும்பியது.
வாக்கெடுப்பு அடுத்த மாதம்.
வீடுகள் வரும்; ஹாவர்காம்ப் முன்பணம் வாங்கிவிட்டார்.
வரும்போது குட்டை பெரிதாகலாம்,
மரப்பெயர்த் தெருவில் ஒன்று குறையலாம்.

அன்றிரவு சின்ன மழை,
எந்த ஆண்டுக் கணக்கிலும் சேராதது.
கணினியைத் திறந்தேன்.
நீர் வெளியேறும் இடத்தின் பெயர் என்ற கட்டத்தில்
வெறுமே 'ஒன்று' என்று போட்டிருந்தேன்.
அழித்தேன்.
பதினேழாம் எண், நிலவறை,
என்று தட்டினேன்.
மறுபடி ஓடவிட்டேன்.