ஐந்தாவது சீட்டு

இராயக்கோட்டைக் கரட்டில்
மாதப்பன் என்பவர் எழுபத்து நாலில் தோண்டிய நரிவெங்காயம்
எங்கள் கல்லூரி இரும்பு அலமாரியில்
நாலு சீட்டோடு படுத்திருக்கிறது.
முதல் சீட்டில் ஊர்ஜீனியா, அல்லிக் குடும்பம்.
இரண்டாவதில் டிரிமியா, குடும்பம் அதேதான்.
பிறகு யாரோ அல்லியிலிருந்து விலக்கி
ஹயசிந்து வீட்டில் சேர்த்தார்கள்.
அதற்கும் பிறகு தண்ணீர்விட்டானுக்குப் பங்காளி.
இப்போது மரபணு படித்தவர்கள்
பேரினத்தையே மறுபடி பிரிக்கச் சொல்கிறார்கள்.
ஐந்தாவது சீட்டை நான் எழுத வேண்டும்.

பழையதைக் கிழிக்கக் கூடாது, பக்கத்தில்தான் ஒட்டணும்.
இந்த வேலையில் எனக்குப் பிடித்த
ஒரே சட்டம் அது.

போன வாரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில்
தம்பியின் சான்றிதழுக்கு மெய்த்தன்மை விசாரணை.
அப்பாவுக்கு ஒரு சாதி எழுதியிருக்கிறது,
சித்தப்பாவுக்கு வேறு,
எனக்குக் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல்.
ஒரே வயிறு சார் என்றேன்.
தலையில் தேங்காய் உடைப்பீர்களா,
யார் உடைத்தது, போட்டோ இருக்கா,
செத்தவரை எந்தப் பக்கம் தலைவைத்துப் புதைப்பீர்கள்?
சிரிப்பு வந்துவிட்டது.
நானும் இப்படித்தானே கேட்கிறேன் கிழங்கிடம்:
தோல் எத்தனை, விதை தட்டையா,
ஓரத்தில் சிறகு உண்டா?

அது எப்போதும் பாதிதான் பதில் சொல்லும்.
பூக்கிற மாதத்தில் இலை இருக்காது,
இலை வரும்போது பூ போயிருக்கும்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

அந்தக் கரட்டில் முக்கால்வாசியைக் கல்குவாரி தின்றாயிற்று.
மிச்சத்தில் ஆடு மேய்த்த கெம்பம்மா
கடப்பாறை வாங்கி அவளே நெம்பிக் கொடுத்தாள்.
"தெலுங்குக்காரங்க நக்க உல்லிம்பாங்க,
நாங்க காடீருள்ளி.
ஆடு வாய் வைக்காது, எலி தின்னா சாகும்.
வேற என்ன தெரியணும் உனக்கு?"

தினத்தாளில் சுற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து
மறந்தே போனேன், பங்குனி முடிந்தது.

இன்று சாயந்திரம் பூட்டப் போகையில்
கதவு லேசாக முட்டியது.
மண்ணில்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்
இருட்டுக்குள் முழ நீளத் தண்டு,
மேல்தட்டில் இடித்து வளைந்து
மாதப்பனின் தாளுக்குப் பக்கமாய்த்
தவிட்டு நிறத்தில் பதினோரு பூ.

நின்றபடியே சீட்டை எடுத்தேன்.
இடம் எழுதினேன், தேதி எழுதினேன்,
தோண்டியவர் கெம்பம்மா என்று எழுதினேன்.
பெயர் வரிக்கு வந்தபோது
கை அரிக்கத் தொடங்கியது.
ஒடித்த தண்டின் சாறு,
அது அப்படித்தான்.