ரீம், பதினான்கு மாதம்

கருப்பு உடம்பு. புருவத்துக்கு மேல் இரண்டு தேன்நிறப் பொட்டு.
கோர்டன் செட்டர். பாட்டன் பூட்டன் பெயரெல்லாம்
சான்றிதழில் இருக்கிறது.
போன வசந்தம்வரை அவள் வேட்டையாடியவை:
ஒரு தலையணை, ஏழு இடதுகால் உறைகள்,
தபால்காரர் ஹால்வரின் கையுறை.

சனிக்கிழமை டோவ்ரெ மேட்டில் அவளுக்கு முதல் களப்போட்டி.

காலையில் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு,
பிள்ளைகளின் ஈரக் காலணி வாடை என்மேல் இருக்கும்போதே
மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன்.
பதினைந்து மீட்டர் கயிறு.
சட்டைப்பையில் உலர்ந்த ஈரல்.
நீளமாய் ஓர் ஊதல் என்றால் நில்.
குட்டையாய் இரண்டு என்றால் வா.
ஊதாமல் இருப்பதற்குத்தான்
எனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை.

வெடிச்சத்தம் பழகட்டும் என்று
அவள் சாப்பிடும் நேரமெல்லாம் எய்லர்ட் பானைமூடிகளை அடித்தான்.
முதல் வாரம் விறகுக் கொட்டகையில்,
அடுத்த வாரம் கூடத்தில்,
இப்போது தட்டுக்குப் பக்கத்திலேயே.
அவள் காதுகூட அசைவதில்லை.
காப்பியைக் கொட்டுவது நான்.

குட்வெய்கின் செம்மறிகளுக்கு நடுவே
நடக்கவும் கற்றுக்கொண்டாள்,
கடன் கொடுத்தவரைக் கடைவீதியில் கண்டதுபோல
முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.
பறவை எழும்பும்போது துரத்தக் கூடாது.
ஓநாய் கொடுத்துவிட்டுப் போன கால்களிடம்
ஓடாதே என்று சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
கூண்டுப் புறாவைத் திறந்துவிட்டு நாற்பது முறை சொன்னேன்.
கயிறு உருவிப்போன கோடு
இரண்டு உள்ளங்கையிலும் இருக்கிறது;
ஸ்டியரிங் பிடித்தால் எரிகிறது.

புதன்கிழமை மூடுபனி.
கயிற்றை அவிழ்த்துவிட்ட இரண்டாம் நிமிடம் அவள் இல்லை.
ஊதினேன், குட்டையாய் இரண்டு.
ஊதினேன், நீளமாய்.
பிறகு கத்தினேன். பிறகு
கடைசி இருக்கைப் பையன்கள் சொன்னால்
நான் பேருந்தை ஓரம்கட்டித் திட்டும் சொற்கள்
என் வாயிலிருந்தே வந்தன.
நாற்பது நிமிடம்.
நடுவர் ஓஸ்முனுக்கு எழுத வேண்டிய விலகல் கடிதத்தை
மனசுக்குள் இரண்டு முறை திருத்திவிட்டேன்.

அப்போது ஒரு பாறை.
பாறைக்கு வால் இருந்தது.

முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில்.
உதட்டிலிருந்து ஓர் எச்சில் நூல், அறுந்துவிடாமல்.
என் பக்கம் கண்ணை மட்டும் ஒருமுறை உருட்டினாள்,
இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல.
மூன்று முழத் தொலைவில், குட்டை பிர்ச்சின் அடியில்,
பாதி வெளுத்த ஒரு பனிக்கௌதாரி.
இறக்கைக்குக் குளிர்காலம் வந்துவிட்டது,
முதுகுக்கு இன்னும் வரவில்லை.

போ என்று நான் சொல்ல வேண்டும். விதி அது.
சொல்லவில்லை.
ஊதலின் உலோகச் சுவை நாக்கில் இருந்தது.
மூன்று பேரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்,
அவ்வளவுதான் நடந்தது, வெகுநேரம்.

பறவைக்குத்தான் முதலில் பொறுமை போயிற்று.
கரகரவென்று சிரித்தபடி எழும்பிப்
பனிக்குள் போய்விட்டது.
ரீமின் தொடைச்சதை துடித்தது, விலா துடித்தது,
தோலுக்கடியிலேயே மேடு முழுவதும் ஓடித் தீர்த்தாள்.
பாதங்கள் வைத்த இடத்தில் இருந்தன.

"யார் பார்த்தார்கள்?" என்றான் எய்லர்ட்,
மூடிகளைக் கழுவிக்கொண்டே.
பதில் சொல்லாமல்
பதினேழு என்று அச்சிட்ட துணியைக்
கோட்டின் முதுகில் தைத்தேன். கோணலாய் வந்தது.

இன்று வெள்ளி இரவு.
அடுப்போரம் நான்கு கால்களும் கம்பளியை உதைக்கின்றன,
தூக்கத்தில் எதையோ துரத்துகிறாள், குரைப்பு தொண்டையிலேயே நிற்கிறது.
எழுப்பாதே என்றேன், எழுப்பப் போகாதவனிடம்.

ஊதலைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன்.
கழற்றிப் பைக்குள் போட்டேன்.
இப்போது மறுபடி கழுத்தில் கிடக்கிறது.
நாளைக்கும் பனி என்கிறது வானொலி.